1,247 பிழைகள்: ரெஜிஸ்ட்ரி கிளீனர் போடலாமா, வேண்டாமா?

கேள்வி: குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி (ஜூன் 9, 2025)

"அண்ணே, ரப்பர் கடையில கணக்கு எழுதுற கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு. இன்னைக்கு நெட்ல ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயா ஸ்கேன் பண்ணிச்சு. 1,247 ரெஜிஸ்ட்ரி பிழை இருக்குன்னு சிவப்பு எழுத்துல காட்டுது. சரி பண்ண 1,499 ரூபா கேக்குது. கட்டலாமா? கட்டாம விட்டா கம்ப்யூட்டர் போயிருமா? பக்கத்துக் கடைக்காரர் வருஷா வருஷம் கட்டுறாராம், நல்லா ஓடுதுங்கார்."

ஜூன் 9, இரவு

கட்ட வேண்டாம் தம்பி. கம்ப்யூட்டர் போகாது. அந்த சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு எனக்கு மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். எந்த விண்டோஸ், ராம் எவ்வளவு, உள்ளே கிடப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா?

ஜூன் 10

நேற்று கடை அடைக்கிற நேரம், விளக்கமாக எழுத முடியவில்லை.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் பதிவேடு. எந்த நிரல் எங்கே இருக்கிறது, எந்தக் கோப்பை எது திறக்க வேண்டும், பிரிண்டருக்கு எந்த டிரைவர், திரையின் பின்னணி என்ன என்று லட்சக்கணக்கான பதிவுகள் அதில் இருக்கும். ஒரு நிரலை நீக்கும்போது சில பதிவுகள் நீங்காமல் கிடந்துவிடும். கிளீனர் விற்பவர்கள் இதைத்தான் 'பிழை' என்கிறார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரருக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு வழி உண்டு. பத்திரப் பதிவு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். அந்தக் காலத்து ஆதாரங்கள் (நிலப் பத்திரங்கள்) மலையாளத்தில் இருக்கும், வீட்டில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. புதிதாக வந்த ஒருவர் "இது யாருக்கும் புரியாத பழைய காகிதம்" என்று கிழித்துப் போட்டால் அலுவலகம் வேகமாகிவிடுமா? உங்கள் சர்வே எண்ணைத் தேடுகிறவர் அட்டவணையைப் பார்த்து நேரே அந்தப் பக்கத்துக்குப் போகிறார். மற்ற பக்கங்களை அவர் தொடுவதே இல்லை. பழைய காகிதம் இருப்பதால் அவருக்கு ஒரு நிமிடமும் வீணாவதில்லை. கிழித்ததில் உங்கள் தாத்தாவின் ஆதாரமும் சேர்ந்திருந்தால் அது தெரியவருவது நிலத்தை விற்கப் போகும் அன்றைக்குத்தான்.

விண்டோஸும் அப்படித்தான். வேண்டிய கீயை (பதிவுகள் இருக்கும் கோப்புறை போன்ற இடத்தை) நேராகத் தேடி எடுக்கிறதே தவிர முழுப் பதிவேட்டையும் முதலிலிருந்து வாசிப்பதில்லை.

ஜூன் 10, சாயங்காலம்

ஒரு கணக்கு. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்று ஒரு கோப்புறை உண்டு. அதில் 'சாஃப்ட்வேர்' என்ற பெயரில் உள்ள கோப்பு ரெஜிஸ்ட்ரியின் பெரிய பகுதி. என் கடை மெஷினில் இப்போது பார்த்தேன், 90 எம்பிக்குக் கொஞ்சம் மேல். உங்கள் 1,247 பதிவுகளுக்குத் தலைக்கு 200 பைட் என்று தாராளமாகவே வைத்தாலும் 250 கேபி வராது. செல்போனில் எடுத்த ஒரு போட்டோ அதைவிடப் பெரிது. அழித்த உடனே அந்தக் கோப்பு சுருங்குவதும் இல்லை. பதிவு இருந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படும், கோப்பின் அளவு அப்படியே நிற்கும்.

ஜூன் 12

தம்பி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏகப்பட்டவை 'மியூஐ கேஷ்'. ஒரு நிரலை ஒருமுறை திறந்தால் அதன் பெயரை விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்கிற இடம், அவ்வளவுதான். அடுத்தது சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியல். அப்புறம் 'ஓப்பன் வித்' பட்டியலில் நிற்கும் பழைய பெயர்கள். இவற்றில் ஒன்றுகூடப் பிழை இல்லை. சிவப்பில் காட்டத் தக்கது எதுவுமே இல்லை.

கடைசி ஸ்கிரீன்ஷாட்டில் மட்டும் எனக்குப் பகீரென்றது. 'பாதை காணவில்லை' என்ற தலைப்பில் ஈ டிரைவைக் காட்டும் பதினொரு பதிவுகள். தம்பி, உங்கள் ஈ டிரைவ் எது? கணக்கை பேக்கப் எடுக்கிற வெளி ஹார்ட் டிஸ்க்தானே? ஸ்கேன் ஓடும்போது அது செருகியிருந்ததா?

ஜூன் 12, பத்து நிமிடம் கழித்து

செருகவில்லையாம். அலமாரியில் இருந்ததாம்.

ஜூன் 14

அந்தப் பதினொரு வரியைப் பார்த்ததும் ஏன் பகீரென்றது என்று எழுத வேண்டும். 2014-இல் மார்த்தாண்டத்தில் மைனி (மதினி) வீட்டாரின் கடையில் நடந்தது. ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கிற கடை. இரண்டு கம்ப்யூட்டர். உள்ளறையில் இருப்பதில் கணக்கு மென்பொருள், முன்னால் இருப்பதில் பில் போடுவார்கள். முன்னால் இருப்பதற்கு உள்ளறை மெஷினின் கோப்புறைதான் இசட் டிரைவ். மென்பொருள் விஷுவல் பேசிக் 6-இல் எழுதியது, அதன் சில துண்டுகள் இசட் டிரைவிலேயே இருந்து ஓடும். எழுதிக் கொடுத்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்.

ஒருநாள் காலையில் உள்ளறை மெஷினை ஆன் செய்யாமலே மைனியின் மகன் முன்னால் இருப்பதில் ஒரு கிளீனரை ஓட்டினான். நல்ல எண்ணம்தான், அம்மாவுக்கு உதவி. கிளீனர் இசட் டிரைவைத் தேடியது. இல்லை. சரி, அந்தப் பாதையைக் காட்டுகிற பதிவெல்லாம் குப்பை என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டது.

அன்றைக்குப் பில் போட வேண்டிய வேலை இல்லை. மறுநாள் ஷீட்டைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது திறந்தால் 'ரன் டைம் எரர் 429'. நிரல் தனக்குத் தேவையான ஒரு துண்டைக் கூப்பிடுகிறது, அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டிய ரெஜிஸ்ட்ரி பதிவு இல்லை என்று அர்த்தம். துண்டு இருந்த இடத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது. முகவரி மட்டும் போய்விட்டது.

எனக்கு இரண்டு நாள் ஆனது. பையன் கிளீனர் ஓட்டியதை யாரும் சொல்லவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. நான் நெட்வொர்க் வயரை மாற்றினேன், வைரஸ் தேடினேன், மென்பொருளை மறுபடி ஏற்ற டிஸ்க் கேட்டேன். டிஸ்க் கிடைக்கவில்லை. கடைசியில் இசட் டிரைவில் உள்ள டிஎல்எல், ஓசிஎக்ஸ் கோப்புகளை ஒவ்வொன்றாக 'ரெக்எஸ்விஆர்32' கட்டளை கொடுத்துப் பதிந்தேன். ஏழாவது கோப்பில் நிரல் திறந்தது. அந்த இரண்டு நாளும் மைனி பென்சிலால் பில் எழுதினார்கள். ஷீட்டின் ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, எந்த கிரேடு, முன்பணம் எவ்வளவு போனது என்று எல்லாம் மனக்கணக்கு. ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் முன்பணம் கணக்கில் விட்டுப்போய், அதற்காகப் பேச்சு வளர்ந்து, அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். மைனி இன்றைக்கும் அதைச் சொல்வார்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். கிளீனர் செய்யும் கெடுதல் அன்றைக்கே தெரிந்தால் அவிழ்த்துவிடலாம். மூன்று நாள், மூன்று மாதம் கழித்துத் தெரியும்போது யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. "விண்டோஸ் போயிற்று, ஃபார்மேட் பண்ணு" என்பார்கள்.

ஜூன் 15

மைனி கதையை வாசித்த ஒருவர் கேட்கிறார்: "பக்கத்துக் கடைக்காரருக்கு நல்லா ஓடுதுன்னு சொன்னாரே, அது பொய்யா?"

பொய் இல்லை. அவருக்கு நிஜமாகவே வேகம் கூடியிருக்கும். நானும் பார்த்திருக்கிறேன். காரணம் வேறு.

ஒன்று, இந்த மென்பொருள்கள் ரெஜிஸ்ட்ரியை மட்டும் தொடுவதில்லை. டெம்ப் கோப்புகளை அழிக்கும், தொடக்கத்திலேயே எழுந்து ஓடுகிற நிரல்களை நிறுத்தும். நிரம்பி வழிகிற சி டிரைவில் பத்து ஜிபி காலியானால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அதை விண்டோஸிலேயே டிஸ்க் கிளீனப், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கம் இரண்டையும் வைத்துக் காசில்லாமல் செய்யலாம்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. வேலை முடிந்ததும் கிளீனர் 'ரீஸ்டார்ட் செய்' என்று சொல்லும். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி உண்டு. அது இயங்கும் மெஷினில் தினமும் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணைவதில்லை. தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து மறுநாள் அதையே எடுத்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் காணாத மெஷினுக்கு அன்றைக்குத்தான் ஒரு முழு ஓய்வு கிடைத்தது. பெயர் கிளீனருக்குப் போகிறது.

ஜூன் 21

இரண்டு நாளாகக் கன மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. யூபிஎஸ் பேட்டரி பழசானவர்கள் மெஷினை அணைத்தே வையுங்கள்.

ரெஜிஸ்ட்ரி உண்மையிலேயே கெட்டுப்போன மெஷின்கள் என் கடைக்கு வந்திருக்கின்றன. அதிகம் வந்தது இப்படிக் கரண்ட் விளையாடும் நாட்களில். எக்ஸ்பி காலத்தில் கறுப்புத் திரையில் 'சிஸ்டம்32, கான்ஃபிக், சிஸ்டம் என்ற கோப்பு காணவில்லை அல்லது கெட்டுவிட்டது' என்று வந்து நிற்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதின பதிவேடு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்து ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் திரும்பி வந்ததும் இப்படிப்பட்ட மெஷின்கள் என் மேசைமேல் அடுக்கியிருந்தன. அந்த நிலையில் எந்தக் கிளீனரும் உதவாது, விண்டோஸே திறக்காதே! பிரதி இருந்தால் பிழைக்கலாம். 'ரெக்பேக்' என்ற கோப்புறையில் விண்டோஸ் தானே ஒரு பிரதி வைத்திருக்கும், அதை எடுத்துப் போட்டால் போதும்.

ஜூலை 3

பழைய கதை கேட்டிருக்கிறார் தக்கலையிலிருந்து ஓர் ஆசிரியர். "சார், ஒரு காலத்துல மைக்ரோசாஃப்டே கிளீனர் குடுத்ததே, இப்ப மட்டும் ஏன் வேண்டாம்கிறீங்க?"

கொடுத்தது உண்மை சார். ரெக்கிளீன் என்று பெயர். நான் 1999-இல் திங்கள்சந்தையில் கடை போட்டபோது என் ஃப்ளாப்பி டப்பாவில் அது இருந்தது. 32 எம்பி ராமில் விண்டோஸ் 98 ஓடின நாட்கள். அதைப் பிறகு அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 98-இல் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்கேன்ரெக். அது துடைப்பத்தைக் கையில் எடுக்காது. பதிவேடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், ஐந்து பிரதி வைத்திருக்கும், கெட்டால் நல்ல பிரதியை எடுத்துப் போடும். எத்தனை மெஷினை டாஸில் போய் 'ஸ்கேன்ரெக் ரீஸ்டோர்' கொடுத்து எழுப்பியிருக்கிறேன்!

அன்றைக்கு ரெஜிஸ்ட்ரி பெருத்தால் சிரமம் என்று சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. என்டி, 2000 விண்டோஸ்களில் ரெஜிஸ்ட்ரி எவ்வளவு வளரலாம் என்பதற்கு ஒரு வரம்பே உண்டு. 2001-இல் எக்ஸ்பி வந்தபோது அதை வைத்திருக்கும் முறையை மாற்றி அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். காரணம் போனபிறகும் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. இப்போது மைக்ரோசாஃப்டின் நிலை வெளிப்படையானது: ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை அவர்கள் ஆதரிப்பதில்லை, அவற்றால் கெட்டதற்குப் பொறுப்பும் ஏற்பதில்லை.

ஜூலை 4

ஆசிரியரிடம் போனில் பேசும்போது ரெஜிஸ்ட்ரி விண்டோஸ் 95-இல்தான் முதலில் வந்தது என்று சொல்லிவிட்டேன். தவறு சார். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இலேயே சின்னதாக ஒன்று இருந்தது, எந்தக் கோப்பை எந்த நிரல் திறக்கும் என்ற குறிப்புக்கு மட்டும். மற்ற எல்லாம் ஐஎன்ஐ என்ற தனித்தனி அமைப்புக் கோப்புகளில் கிடந்தன. 95-இல்தான் அவற்றையெல்லாம் ஒரே பதிவேட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் திருத்திச் சொல்லுங்கள்.

ஜூலை 19

ரெஜிஸ்ட்ரியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே தொடுகிறேன். நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோ, கல்யாண டிவிடி எரிக்கிற மெஷின். ஒரு பர்னிங் மென்பொருளை நீக்கியதும் டிவிடி டிரைவே காணாமல் போயிற்று. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி. இது அந்த நாளில் தெரிந்த நோய்தான். டிவிடி டிரைவுக்கான கீயில் 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்று இரண்டு வேல்யூ நிற்கும். நீக்கின மென்பொருளின் பெயர் அதில் மிச்சமிருக்கும். அந்தக் கீயை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் அழித்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். டிரைவ் வந்துவிட்டது.

முள் குத்தின இடம் தெரிந்தால் ஊசியால் எடுக்கலாம். எங்கேயோ முள் இருக்கலாம் என்று காலையே சீவ வேண்டுமா?

ஆகஸ்ட் 8

கருங்கலில் ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியை. அமெரிக்காவில் இருக்கும் பேத்தியை வீடியோவில் பார்க்கத்தான் லேப்டாப். ஒரு கிளீனருக்கு ஒருமுறைதான் பணம் கட்டினதாக நினைத்திருந்தார். பாஸ்புக் பதிந்து பார்த்தால் மூன்று வருஷமாகத் தானாகவே போய்க்கொண்டிருக்கிறது. என் மேசையில் உட்கார்ந்து பாஸ்புக்கின் அந்த மூன்று வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "நான் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவ, மக்களே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஏமாந்தது அவர் குற்றமே இல்லை. பயமுறுத்தி வாங்கினவர்கள் குற்றம்.

இது நம் ஊர் வயதானவர்களின் அறியாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2019-இல் ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத் தொடரும் அதற்கு மென்பொருள் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. இலவசப் பரிசோதனை என்று ஒரு நிரலை ஓட்டினார்கள். 'கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா?' என்பது போன்ற கேள்விகளில் வாடிக்கையாளர் ஒன்றுக்கு ஆம் என்று டிக் அடித்தாலே 'வைரஸ் அறிகுறி உண்டு' என்று முடிவு வரும். ஸ்கேன் என்ன கண்டது என்பதற்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. 2024-இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் இதேபோன்ற பயமுறுத்தலுக்காக 2.6 கோடி டாலருக்கு உடன்பட்டன. தம்பியின் 1,247 எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

ஆசிரியையின் வங்கியில் போய்ப் பேசி அடுத்த பிடித்தத்தை நிறுத்தியாயிற்று. பழைய பணம் வரவில்லை.

ஆகஸ்ட் 9

"நல்ல பெயருள்ள கிளீனர் என்றால்?" என்று ஒரு கேள்வி. சிகிளீனரை எடுத்துக்கொள்ளுங்கள், பல வருஷம் நானே ஏற்றிக்கொடுத்திருக்கிறேன். பயமுறுத்துகிற ரகம் இல்லை. 2017 ஆகஸ்டில் வந்த அதன் 5.33 பதிப்புக்குள் யாரோ ஊடுருவித் தீநிரலை வைத்துவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறங்கியது, செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது. சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் அந்தப் பதிப்பு இருந்தது. செய்தி வந்த அன்று ராத்திரி வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டேன். தேவையில்லாத ஒன்றுக்கு மெஷினின் முழு அதிகாரத்தையும் கொடுத்து வைத்திருந்தோமே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் யாருக்கும் ஏற்றவில்லை.

செப்டம்பர் 2

ஜூன் 21-இல் எழுதியதைத் திருத்த வேண்டும். 'ரெக்பேக்' கோப்புறையில் பிரதி இருக்கும் என்றேன். நேற்று குளச்சலிலிருந்து வந்த ஒரு விண்டோஸ் 10 மெஷினில் அதை நம்பிப் போய்ப் பார்த்தேன். ஐந்து கோப்பும் இருக்கின்றன. ஐந்தும் 0 பைட்!

காரணம், 2018-இல் வந்த 1803 பதிப்பு முதல் அந்தத் தானியங்கிப் பிரதியை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இடத்தை மிச்சப்படுத்த என்பது அவர்கள் சொல்லும் காரணம். ரெஜிஸ்ட்ரியில் 'கான்ஃபிகரேஷன் மேனேஜர்' கீயின் கீழே 'எனேபிள் பீரியாடிக் பேக்கப்' என்று ஒரு டிவேர்டு (எண் வகைப் பதிவு) உருவாக்கி 1 கொடுத்தால் மறுபடி எடுக்கும். சிஸ்டம் ரீஸ்டோரும் பல மெஷின்களில் அணைந்தே கிடக்கிறது. இரண்டையும் இன்றைக்கே பாருங்கள். கிளீனருக்குக் கொடுக்க நினைத்த நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

குளச்சல் மெஷினைப் பிழைக்க வைக்க முடியவில்லை. கோப்புகளை எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன்.

செப்டம்பர் 14

கடைசியில் இன்று குலசேகரம் போய்வந்தேன். தம்பி மூன்று மாதமாகக் கூப்பிடுகிறார்.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் புகைப்புரை வாசம் குப்பென்று வந்தது. ஷீட் புகை போடுகிற இடத்துக்கும் மேசைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பிராசசர் விசிறியின் இறக்கைகளில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு படலம், வெல்லப்பாகு பூசினதுபோல். அதில் தூசி ஒட்டி, இறக்கைகளுக்கு நடுவே காற்று போக வழியில்லை. ஹீட்சிங்கைத் தூக்கினால் அடியில் இருந்த பேஸ்ட் சுண்ணாம்பாக உதிர்கிறது. சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ராமை உருவி அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தேன். கடை முழுக்க ரப்பர், தேய்க்க ஒரு துண்டு ரப்பர் கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பென்சில் டப்பாவிலிருந்து வாங்கி வந்தார் தம்பி.

அப்புறம் ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நிரலில் மஞ்சள் எச்சரிக்கை. கெட்டுப்போய் மாற்றி வைத்த செக்டர்கள், இன்னும் மாற்றக் காத்திருக்கும் செக்டர்கள். ஒவ்வொரு முறை அந்த இடங்களை வாசிக்கும்போதும் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று திணறும். அதுதான் 'ரொம்ப மெதுவா'. இதைப் பற்றி அந்த 1,247-இல் ஒரு வரிகூட இல்லை. கணக்கு முழுவதும் இருந்த டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது, ஸ்கேன் செய்தவர்களோ மியூஐ கேஷைக் காட்டிப் பணம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கணக்கைப் பிரதி எடுத்தோம். அப்புறம் 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். முன்பு ஆன் செய்துவிட்டு டீ குடித்து வருவாராம். இன்று டீ சொல்லி அனுப்புவதற்குள் திரை வந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரி அதே பழைய ரெஜிஸ்ட்ரிதான், ஒரு பதிவைக்கூட அழிக்கவில்லை.

செப்டம்பர் 15

ஜூன் 9-இலேயே டிஸ்க்கைப் பாருங்கள் என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ராம் எவ்வளவு என்று கேட்டேன், டிஸ்க் எந்த வகை என்று கேட்டேன், அதன் உடல்நிலை என்ன என்று கேட்கவில்லை. நல்லவேளை, தாங்கியது. மெதுவாக இருக்கிறது என்று இனி யார் கேட்டாலும் என் முதல் பதில் "கணக்கைப் பிரதி எடுத்தாயிற்றா?"

அக்டோபர் 18

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதைச் சொல்லியே புதுப் பயமுறுத்தல்கள் கிளம்பியிருக்கின்றன, 'விண்டோஸ் 10 பாதுகாப்பு கிளீனர்' என்று நேற்று ஒருவர் காட்டினார். கிளீனர் எதுவும் பாதுகாப்புப் புதுப்பிப்புக்கு மாற்று ஆகாது. இன்னும் ஓராண்டு புதுப்பிப்பு பெற மைக்ரோசாஃப்டே வழி வைத்திருக்கிறது, அமைப்புகளில் அப்டேட் பக்கத்தில் பாருங்கள். 11-க்குப் போக முடிகிற மெஷின் என்றால் போய்விடுங்கள்.

அக்டோபர் 26

மைனி கடைக்குப் போயிருந்தேன். அதே இரண்டு மெஷின், உள்ளறை மெஷினுக்கு மட்டும் போன வருஷம் எஸ்எஸ்டி. உள்ளறைச் சுவரில் பையன் எழுதி ஒட்டின காகிதம் இன்னும் இருக்கிறது, ஓரம் பழுத்துவிட்டது: 'இதை முதலில் ஆன் செய்யவும்.' பையன் இப்போது பெங்களூரில் வேலை. மைனி முன்னால் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இசட் டிரைவில், இணைப்பு இல்லாதபோது வரும் சிவப்புக் குறி இல்லை.